ஓரத்தில் மீசை, நடுவில் வழுக்கை

ஜூலை 3, செவ்வாய்

இன்றைய தவறு: முட்டுச்சந்து என்று நாங்கள் கூப்பிடும் வண்டிக்காரருடைய பைக்கின் பின் டயரை அளக்கும்போது, ஆழம் காட்டும் கேஜின் ஊசியைப் பள்ளத்தின் அடியில் வைக்காமல், பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேட்டின் மேல் வைத்துவிட்டேன். அந்த மேடு டயர் செய்பவர்கள் வேண்டுமென்றே வைப்பது. சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்து அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். மேட்டின் மேலேயே ஊசியை வைத்தால் நல்ல டயரும் செத்த டயராகத்தான் தெரியும். முட்டுச்சந்து சந்தோஷமாகப் புது டயர் வாங்கக் கம்பெனி ஸ்டோருக்குப் பாதி தூரம் போய்விட்டார். கூப்பிட்டு மறுபடி அளந்தேன்.

"அளவுகோலு, நீ தப்பா அளந்தப்பதான் எனக்கு நல்லது நடந்துச்சு. சரியா அளக்கிறதால யாருக்கு என்ன லாபம்?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறதா என்று யோசித்தேன். இருப்பது போலத் தோன்றியதால் யோசிப்பதை நிறுத்தினேன்.

மாலை வகுப்பில் வண்டிப் பராமரிப்பு படிக்கும் எல்லோரும் இப்படித் தினக்குறிப்பு எழுத வேண்டும். முதலில் அன்றைய தவறு, கடைசியில் மறுநாள் வேலை. நடுவில் என்ன எழுதுவது என்று ஆசிரியரிடம் கேட்டேன். "அது ஆளைப் பொறுத்தது" என்றார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார்.

நான் வேலை செய்வது ஒரு பார்சல் கம்பெனியின் கிளையில். கொண்டுபோய்க் கொடுப்பதெல்லாம் பைக்கில்தான். வாராவாரம் எல்லா வண்டிகளின் டயரையும் அளப்பது என் வேலை, அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். எப்படி அளக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து வந்த டயர் சிக்கனச் சுற்றறிக்கை சொல்கிறது: "டயரின் இரு ஓரங்களிலும், விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே." கூடவே படமும் இருக்கிறது. படத்தில் இருப்பது வேன் டயர். தலைமை அலுவலகத்தில் வேன்கள்தான் இருக்கின்றன. வேன் டயரில் காற்று குறைந்தால் ஓரம் தேயும், அதைக் கண்டுபிடிக்க யாரோ நல்லெண்ணத்தோடு எழுதியிருக்கிறார்கள். எங்கள் கிளையில் வேன் கிடையாது. அதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

ஓரம் தேய்ந்தால்தான் ஸ்டோரில் புது டயர். நாமாக வெளியில் வாங்கி மாட்டினால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

முட்டுச்சந்துக்குக் குறுகலான தெருக்கள்தான் வழி. நாள் முழுக்கச் சாய்ந்து திரும்புகிறார், ஓரம் சீக்கிரம் தேய்கிறது. மாதாமாதம் மேலாளரிடம் திட்டு வாங்குகிறார், டயரும் வாங்குகிறார். என் அக்காவின் வீட்டுக்காரர் கதை தலைகீழ். அத்தானுக்கு நெடுஞ்சாலை வழி. கிளையிலிருந்து கிடங்குகளுக்கு நேராகப் போய் நேராக வருகிறார். அவருடைய பின் டயரின் ஓரங்கள் இன்னும் சாலையைப் பார்த்ததே இல்லை. புது டயரின் ஓரத்தில் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் மீசைகூட அப்படியே நிற்கிறது. மேலாளர் அந்த மீசையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நோட்டீஸ் போர்டில் அத்தானின் போட்டோவை மாட்டச் சொன்னார். கீழே 'இம்மாத டயர் காவலர்' என்று எழுதியிருக்கிறது.

அதே டயரின் நடுப்பகுதி மொழுமொழுவென்று சிலேட்டு மாதிரி இருக்கிறது. பள்ளம் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமாக ஒரு நிழல் மட்டும் தெரிகிறது.

நான் தங்கியிருப்பது அக்கா வீட்டில்தான். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவளிடம் இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. அக்கா டார்ச் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, மாடு நக்கின மாதிரி இருக்கே. இதுலயா தினமும் போயிட்டு வர்றீங்க?"

"போர்டுல என் போட்டோ இருக்கு தெரியுமா? ஆபீசுல அத்தனை பேரும் பாக்கிறாங்க."

"போர்டுல மாட்டுறதுக்கும் மாலை போட்டுச் சுவத்துல மாட்டுறதுக்கும் ஒரே ஆணிதாங்க."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "மழை எப்ப வேணா வரும். அதுக்குள்ள அந்த டயரை நீ மாத்திக் குடுக்கற. அளக்கறது நீதானே?"

அளப்பது நான்தான். மாற்றுவது நான் இல்லை. இந்த வித்தியாசத்தை அக்காவுக்கு விளக்கப் பார்த்தேன். அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

நாளை: வகுப்பில் கேட்க வேண்டும், டயர் நடுவில் மட்டும் ஏன் தேய்கிறது என்று.

ஜூலை 4, புதன்

இன்றைய தவறு: வகுப்பில் ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்டுவிட்டேன். ஆசிரியருக்குக் கோபம் வந்தது.

பைக் டயர் எவ்வளவு நாள் உழைக்கும் என்றேன். "அது பல விஷயத்தைப் பொறுத்தது" என்று தொடங்கிக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனார். பின் டயர்தான் முதலில் போகும், இன்ஜினின் இழுப்பும் சுமையும் அதன் மேல்தான். நேரான சாலையில் நடு தேயும், வளைவில் ஓரம் தேயும். காற்று அதிகமானால் டயர் உப்பி, நடு மட்டும் தரையில் படும். சரேலென்று கிளம்பினாலும் சடாரென்று பிரேக் போட்டாலும் தேயும். வெயிலில் நின்றால் ரப்பரில் வெடிப்பு விழும். ஓட்டாமலே வைத்திருந்தாலும் வயதாகும்.

"அப்ப ஓட்டினாலும் போகும், ஓட்டாட்டியும் போகுமா சார்?" என்றார் கடைசி பெஞ்சு. பகலில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். "என் கல்யாண வாழ்க்கை மாதிரி இருக்கு."

"உங்க கல்யாணமும் ஆளைப் பொறுத்ததுதான்" என்றார் ஆசிரியர்.

எழுதிக்கொண்டபோதுதான் உறைத்தது. எங்கள் கிளையில் இன்னொரு சுற்றறிக்கையும் இருக்கிறது, பெட்ரோல் சிக்கனத்துக்கு. அது வேறு பிரிவிலிருந்து, வேறு மாடியிலிருந்து வந்தது. டயரைக் கல் மாதிரி வைத்தால் வண்டி லேசாக உருளும், பெட்ரோல் மிச்சமாகும் என்று அதில் சொல்லியிருப்பதால் எல்லோரும் காற்றைத் திணித்து அடிக்கிறார்கள். அதாவது ஒரு பிரிவு நடுவைத் தேய்க்கச் சொல்கிறது, இன்னொரு பிரிவு ஓரத்தை அளக்கச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே அத்தான் ஓட்டுகிறார்.

நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சந்தேகம். அத்தானின் வண்டியில் பின்னால் உட்கார்ந்துதான் வந்தேன். சிக்னலில் திரும்பும்போது வண்டி ஏதோ விளிம்பிலிருந்து இறங்குவது போலப் பொத்தென்று சாய்ந்தது. நடு தட்டையாகி டயர் சதுரமாகிவிட்டால் அப்படித்தான் இருக்கும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். பாடம் புரிந்தது. சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

நாளை: மேலாளரிடம் பேச வேண்டும். உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், நின்றால் எனக்குக் குரல் வராது.

ஜூலை 5, வியாழன்

இன்றைய தவறு: மேலாளர் உட்காரச் சொன்னார். நான் நின்றேன்.

"ஓரத்துல அளவு இருக்கா இல்லையா?" என்றார்.

"இருக்கு சார். நடுவுல இல்ல."

"நடுவுல அளக்கச் சொல்லியிருக்கா?"

"இல்ல சார்."

"சொல்லாத இடத்துல எதுக்கும்மா அளந்த?"

"அளக்கல சார். பாத்தேன். பாத்தாலே தெரியுது."

"பாக்கறதுக்கா உன்னை வெச்சிருக்கோம்? அளக்கறதுக்குத்தானே." சுற்றறிக்கையை எடுத்துப் படத்தைக் காட்டினார். அது வேன் டயர் என்றேன். அவர் அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "டயர்னா உருண்டையா இருக்கும். இதுவும் உருண்டையா இருக்கு" என்று மடித்து வைத்துவிட்டார்.

பிறகு நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு இன்னொன்று சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறார். டயரை எப்படிக் காப்பது என்று அத்தான் எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டப் போகிறார். அதுவரை அந்த டயரை யாரும் தொடக் கூடாது.

வெளியே வந்தால் அத்தான் போர்டுக்கு முன்னால் நின்று தன் போட்டோவின் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தார்.

"அத்தான், நீங்களே மேலாளர்கிட்ட சொன்னா கேப்பாரு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு. இத்தனை வருஷத்துல என்னை யாரும் ஓட்டிக் காட்டச் சொன்னதில்ல. உன் அக்காகிட்ட ஒண்ணும் சொல்லாத."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

நாளை: அத்தான் டயரில் காற்றைச் சரியான அளவுக்குக் குறைக்க வேண்டும். அது மட்டும் என் கையில் இருக்கிறது.

ஜூலை 9, திங்கள்

இன்றைய தவறு: வழி சொல்வதாக நினைத்து நான் எதுவும் சொல்லவில்லை, ஆனால் சொன்னது வழியாகிவிட்டது.

நெடுஞ்சாலை வழியில் அத்தானைத் தவிர இன்னும் சிலர் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கும் நடு வழுக்கைதான். "எப்பதான் எங்களுக்கு டயர் கிடைக்கும்?" என்று கேட்டார்கள். "ஓரம் தேஞ்சாதான்" என்றேன். ஓரம் எப்படித் தேயும் என்றார்கள். "வளைஞ்சு வளைஞ்சு ஓட்டினா" என்றேன். கேள்விக்குப் பதில், அவ்வளவுதான்.

மத்தியான இடைவேளையில் கிளையின் முற்றத்தில் இரைச்சல். ஜன்னல் வழியே பார்த்தேன். நெடுஞ்சாலைக்காரர்கள் வரிசையாக வண்டியைச் சாய்த்து வட்டமடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் முட்டுச்சந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாத்தியார் ஆகியிருந்தார்.

"இன்னும் சாயி. மாமியார் வீட்டுல வணக்கம் வைக்கிற மாதிரி லேசா சாஞ்சா ரப்பர் எப்படிப் போகும்? நல்லாச் சாயி. போதும், இப்ப இடது பக்கம். வலது ஓரம் மட்டும் தேஞ்சா அளவுகோலு ஒத்துக்காது."

"தலை சுத்துதுண்ணே."

"டயர் வேணுமா தலை வேணுமா?"

இடைவேளையை அப்படியே வட்டத்தில் விட்டார்கள். அத்தான் மட்டும் சுவரோரம் நின்று பார்த்தார். வட்டமடித்தால் அவருடைய மீசை உதிர்ந்துவிடும்.

இவ்வளவும் மேலாளர் கண்ணில் பட்டுத்தானே ஆக வேண்டும். பட்டது. வேலை போகப்போகிறது என்று நான் பையில் டிபன் பாக்ஸை எடுத்து வைத்தேன். அவர் மாடிப்படியில் நின்று நீண்ட நேரம் பார்த்தார். "வெள்ளிக்கிழமைக்காக, சொல்லாமலே பயிற்சி எடுக்கிறாங்களே" என்று நெகிழ்ந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் பெயின்ட்காரரைக் கூட்டிவந்து முற்றத்தில் பளபளவென்று வெள்ளை வட்டம் போடச் சொன்னார். இனி மத்தியானப் பயிற்சி கட்டாயம். முட்டுச்சந்துக்குப் பயிற்றுநர் என்று அட்டை வந்தது. போன வாரம் வரை அவரைப் பார்த்தாலே மேலாளருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா கேட்டாள்: "டயர் என்னாச்சு?"

"வட்டம் போட்டிருக்காங்கக்கா."

"எங்க?"

"தரையில."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்குத் தெரியவில்லை.

நாளை: பெயின்ட் காய்ந்ததா என்று பார்க்க வேண்டும். வழுக்குவது போலத் தெரிந்தது.

ஜூலை 13, வெள்ளி

இன்றைய தவறு: கேஜை மேசை மேலேயே மறந்துவிட்டு முற்றத்துக்குப் போனேன். ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் அத்தான் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

விடியும்போதே மழை. கொட்டவில்லை. பிசுபிசுவென்று தரையை நனைத்துவிட்டுப் போனது. பெருமழையாவது புழுதியைக் கழுவிவிடும், இந்தத் தூறல்தான் எண்ணெயும் புழுதியும் சேர்த்துக் குழம்பாக்கும். வகுப்பில் படித்தது. அக்கா வாசலில் அத்தானின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னிக்கு மட்டும்" என்றார் அத்தான். அக்கா சட்டையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டேன். முகம் தெரியாது.

அதிகாரி ரெயின்கோட்டுக்குள்ளிருந்து கையை மட்டும் வெளியே நீட்டி எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பேசுகிற அம்மா. வண்டிக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். மேலாளர் மைக் இல்லாமலே மைக் பிடித்தவர் மாதிரி பேசினார். "டயர் என்பது..." என்று ஆரம்பித்தார். என்பது என்ன என்று கடைசிவரை சொல்லவில்லை.

அத்தான் ஓட்டினார். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாக ஓட்டினார். மெதுவாகக் கிளம்பி, கோடு பிடித்த மாதிரி நேராக வந்து, அதிகாரிக்கு முன்னால் பூப்போல பிரேக் போட்டார். அந்த இடத்தில்தான் வெள்ளை வட்டத்தின் கோடு ஈரமாகப் போய்க்கொண்டிருந்தது. பின் சக்கரம் தனக்கு வேறு வேலை இருப்பது போலப் பக்கவாட்டில் நகர்ந்தது. அத்தானும் வண்டியும் அவசரமே இல்லாமல் படுத்தார்கள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அவ்வளவுதான். இதுவே நெடுஞ்சாலையாக இருந்து பின்னால் லாரி வந்திருந்தால் என்று நான் மட்டும் நினைக்கவில்லை. வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"டயரை அளந்து பாருங்க" என்றார் அதிகாரி.

ஓரத்தில் அளந்தேன். "முழு அளவு இருக்கு மேடம்."

"அப்ப டயர்ல குறை இல்ல."

"பெயின்ட்ல குறை மேடம். அழிச்சிடறோம்" என்றார் மேலாளர்.

"மழையையும் கணக்குல சேத்துக்குங்க" என்றார் அதிகாரி. இருவரும் தலையாட்டினார்கள். விஷயம் முடிந்துகொண்டிருந்தது.

அத்தான் இன்னும் எழுந்திருக்கவில்லை. வண்டி அவர் பக்கத்திலேயே படுத்திருந்ததால் பின் சக்கரம் அவர் முகத்துக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் குனிந்துகூடப் பார்க்காதவர், இப்போது படுத்தபடி அதைப் பார்த்தார். சக்கரம் நிற்கும்வரை பார்த்தார்.

"நடுவுல அள" என்றார் என்னிடம்.

மேலாளர், "அங்க அளக்கற வழக்கம் இல்லியேப்பா" என்றார்.

"எனக்கு வழக்கம் வேணாம் சார். எனக்கு வீட்டுல பொண்டாட்டி இருக்கா. அளம்மா நீ."

கேஜை நடுவில் வைத்தேன். ஊசி இறங்க இடம் தேடியது, கிடைக்கவில்லை. "பூஜ்யம்" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன் போலிருக்கிறது. அதிகாரி மறுபடி கேட்டார். இரண்டாம் முறை சத்தமாக வந்தது.

அதிகாரி கையிலிருந்த கணக்குக் கருவியில் அந்த அளவைத் தட்டினார். "பூஜ்யத்தை ஏத்துக்க மாட்டேங்குது. பூஜ்யம்னா டயரே இல்லைன்னு அர்த்தம்."

"அப்ப டயர் இல்லைன்னு போடுங்க மேடம்."

இதைச் சொன்னது நான். எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. எதிர்த்துப் பேசவில்லை, அவர் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன்.

எல்லோரும் டயரைப் பார்த்தார்கள். அது அங்கேயே இருந்தது.

ஸ்டோர்காரர் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து இருமினார். அவர் வருடத்துக்கு ஓரிரு முறைதான் வாயைத் திறப்பார். "டயரை மாத்தணும்னாதான் ஓரம் தேயணும். டயரே இல்லாத வண்டின்னா அது முதல் பொருத்தம், புது வண்டிக்கு முதல் தடவை டயர் மாட்டுற கணக்கு. அதுக்கு ஒப்புதல் எதுவும் தேவையில்ல. இப்பவே எடுத்துத் தரேன்."

"முதல் பொருத்தத்துக்கு விதி இருக்கா?" என்றார் அதிகாரி.

"இருக்கு மேடம்."

"அப்ப சரி." அவர் முகத்தில் பெரிய நிம்மதி தெரிந்தது.

புது டயர் மாட்டியாயிற்று. பழையதை ஸ்டோரில் கொடுக்கப் போனால், இல்லாத டயரை எப்படித் திரும்ப வாங்குவது என்று ஸ்டோர்காரர் கதவைச் சாத்திவிட்டார். அத்தான் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அக்கா முழங்கையைப் பார்த்தாள், டயரைப் பார்த்தாள். மருந்து போட்டுத் துணியால் கட்டினாள். பிறகு, "போட்டோவை எடுத்துட்டாங்களா?" என்றாள்.

அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எடுக்கவில்லை. டயரே இல்லாத வண்டியில் தேய்மானமும் இல்லை என்று கருவி கணக்குப் போட்டிருக்கிறது. இந்த வருடத்தின் டயர் காவலரும் அத்தான்தானாம். இன்னும் பெரிய போட்டோ கேட்டிருக்கிறார்கள்.

அக்கா முதலில் சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தான் சிரிக்கவில்லை. "போட்டோ குடுக்க மாட்டேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "கட்டு அவிழ்த்தப்புறம் பாக்கலாம்" என்றார்.

"நீங்க அடங்கவே மாட்டீங்க" என்றாள் அக்கா.

நாளை: புது டயரின் மேல்வழவழப்பு போகும்வரை மெதுவாக ஓட்ட வேண்டும் என்று அத்தானிடம் காலையிலேயே சொல்ல வேண்டும். பிறகு நெடுஞ்சாலை வழியில் போகும் மற்ற வண்டிகளின் பின் டயர்களை நடுவில் அளக்க வேண்டும். கேஜை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்.